கத்தாத காற்றுப் பெட்டி

லுவேயா கரை
மே 4

நகரத்துக்குப் போனதிலிருந்து நாற்காலியை விட்டு நகராத என் அண்ணன் லுசுங்குவுக்கு,

உன் ஒரே தங்கை சுஸ்கோ எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலியும் நலமாக, நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது.

போனில் என்னோடு பேச மாட்டேன், எழுதினால்தான் படிப்பேன் என்று நீ தண்டனை போட்டு இன்றோடு ஒரு மாதம். உன் மேலாளர் கோண்ட்வே அம்மாவின் குரலில் உன்னைக் கூப்பிட்டு, "நாளைலேருந்து டை கட்டாம வந்தா உள்ள விட மாட்டேன்" என்று சொன்னது என் தப்புதான். அதை நம்பி மூன்று நாள் டை கட்டிக்கொண்டு போனது யார் தப்பு? "குரலை மாத்துவே, கையெழுத்தை மாத்த முடியாதுல்ல" என்றாய். சரி, இதோ கையெழுத்து. மீன் லாரி ஓட்டும் மாண்டா மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வாடை என்னுடையது இல்லை.

உன் காற்றுப் பெட்டிக்கு வருகிறேன். ஏப்ரலில் நீ கொண்டுவந்து கொடுத்த அன்று, ஏரிக்கரையில் எல்லார் முன்னாலும் அதைக் கத்த வைத்துக் காட்டினாயே. மூன்று குட்டிக் கத்தல், ஒரு நெட்டைக் கத்தல். "தெக்கேருந்து முவேரா காத்து வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால இப்படிக் கத்தும், உடனே கரைக்கு வந்துடுங்க" என்றாய். அதோடு சரி, அதற்குப் பிறகு அது வாயே திறக்கவில்லை. எங்கள் ஊரிலேயே அடக்கமான பிள்ளை அதுதான். "கண்ணு மாதிரி பாத்துக்கங்க" என்று நீ சொன்னதால், அப்பா அதை அம்மாவின் பழைய இடுப்புத் துணியில் சுற்றி, படகில் இருக்கும் பெயிண்ட் வாளிக்குள் வைத்து மூடியை அறைந்து மூடுகிறார். தீப்பெட்டி, உப்பு, யோபே மாமாவின் மூக்குப்பொடி, அப்பாவின் போன், உன் பெட்டி. நனையக் கூடாத பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்த வாளியில்தானே பயணம் போவார்கள்.

முன்பெல்லாம் படகைத் தள்ளுவதற்கு முன் அப்பா காதுமடலில் எச்சில் தொட்டுக்கொண்டு தெற்கே திரும்பி நிற்பாரே, நினைவிருக்கிறதா? அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வலையைத் தோளிலிருந்து இறக்கிவிடுவார். அவர் இறக்கினால் ஆறு படகும் அன்றைக்கு மணலில்தான். இப்போதும் எச்சில் தொடுகிறார். ஆனால் அடுத்த நொடி வாளியில் காதை வைக்கிறார். "பெட்டி சும்மாத்தான் இருக்கு, ஏறுங்கடா!" அவ்வளவுதான், எல்லாப் படகும் கிளம்பிவிடும். யோபே மாமா சொல்கிறார்: "உங்கப்பன் காதுக்கு உங்கண்ணன் ஓய்வு குடுத்துட்டான்டி."

பின்குறிப்பு: பெட்டியின் மேல்மூடி கறுப்பாகப் பளபளக்கிறது. பல் பார்க்க வசதி. நன்றி.

பெயரிலேயே தொல்லை என்று பொருள் வைத்துக்கொண்டு வேறென்ன செய்வாள்,
சுஸ்கோ


லிலொங்வே
மே 12

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. பக்கத்து மேசைக்காரர் இன்னும் ஜன்னலை மூடவில்லை.

பெட்டி கத்தவில்லை என்று கேலி செய்கிறாய். கத்தாவிட்டால் நல்லதுதானே? காற்று இல்லை என்று பொருள். வீணாகக் கத்தக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்த வரியை அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டு.

அப்பா பெட்டியை நம்புகிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அந்தக் காதுமடல் வித்தையைச் சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "காத்து வந்தா தெரியும்டா, இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்பார். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. பதினொரு வயதில் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் காதுமடல் தேவைப்படாத ஒன்றைச் செய்தேன். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். யாரும் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

அந்த மேல்மூடியில் பல் பார்க்காதே. ஒரு கோடுகூடத் தெரியாமல் அதைச் செய்ய ஏழு மாதம் ஆனது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் கடைசியில் இன்னும் அறுபது கரைகளுக்குப் பெட்டி கொடுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். லுவேயாவிலிருந்து நல்ல சேதி வந்தால் போதும் என்கிறார் கோண்ட்வே அம்மா. நிஜமான கோண்ட்வே அம்மா. ஆகவே கொஞ்ச நாள் விளையாட்டை மூட்டை கட்டி வை. சந்தேகம் வந்தால் கையேட்டில் ஏழாம் பக்கம் பார்.

அம்மாவின் முட்டிக்கு மருந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
லுசுங்கு


லுவேயா கரை
மே 20

அங்கே திட்டம் போடும் அண்ணனுக்கு, இங்கே திட்டு வாங்கும் தங்கை எழுதுவது.

உன் வரியை உரக்க வாசித்தேன். கரையே கைதட்டியது. "கத்தலேன்னா காத்து இல்ல! எஞ்சினியரே எழுதிட்டான்!" என்று யோபே மாமா துள்ளினார். இப்போது அந்த வரியை நான் வாசித்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

நேற்றுக் காலை அப்பா காதுமடலில் மூன்று தடவை எச்சில் தொட்டார். ஒரு தடவை தொட்டால் நல்ல நாள். மூன்று தடவை என்றால் வலையை இறக்கியே தீருவார். பிறகு வாளியில் காதை வைத்தார். வாளி சும்மா இருந்தது. போய்விட்டார்கள். ஒன்பதரை மணிக்குத் தெற்கே தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு. அம்மா மீன் காயவைக்கும் தட்டியைப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். ஆறு படகும் வந்து சேர்ந்தன. கடைசிப் படகு பாதித் தண்ணீரோடு வந்தது. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "இது சின்னக் காத்து. சின்னதையெல்லாம் பெட்டி மதிக்காது போல."

அண்ணா, அவர் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. காற்றைச் சந்தேகப்பட்டார்.

சாயங்காலம் வாளியைத் திறந்து பார்த்தேன். நீ வந்த அன்று பக்கவாட்டில் கடுகளவு பச்சை வெளிச்சம் இருந்தது. இப்போது இல்லை. பெட்டியை மூன்று பேரிடம் கொடுத்து, "இது உயிரோட இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அம்மா: "தூங்குதுடி, எழுப்பாதே." யோபே மாமா: "சொல்றதுக்கு ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் பேசணும்? உன்னை மாதிரியா?" அவருடைய மனைவி நியாமாண்டா அத்தை அதைக் குலுக்கிப் பார்த்து, "உள்ள காஞ்சிடுச்சா?" என்றார். ஒருவர்கூட வெளிச்சத்தைத் தேடவில்லை. வெளிச்சம் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது.

ஏழாம் பக்கம் பார்த்தேன். "தகுந்த இடத்தில் வைத்து, வழக்கம்போல் இயக்கவும்." தகுந்த இடம் வாளிதான், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வழக்கம்போல் என்றால் யாருடைய வழக்கம்? இது கையேடா, கைகேடா?

பெட்டி என்ன தின்னும்? பேட்டரி போட ஓட்டை தேடினேன், இல்லை. நியாமாண்டா அத்தையின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "சுஸ்கோ, வேலை நேரம்" என்று வைத்துவிட்டாய்.

பதில் எழுது. சீக்கிரம்.
சுஸ்கோ


லிலொங்வே
மே 27

சுஸ்கோவுக்கு,

உன் கடிதத்தில் வரிக்கு ஒரு சிரிப்பு இருக்கிறது. இதில் எதை நம்பச் சொல்கிறாய்? பள்ளிக்கூடத்துக்குப் பாம்பு வந்தது என்று இரண்டு நாள் விடுமுறை வாங்கிக் கொடுத்தவள் நீ.

பெட்டிக்கு எதையும் ஊட்ட வேண்டாம். அது தானாகவே ஏற்றிக்கொள்ளும். பார்த்தாலே தெரியுமே, இதையெல்லாமா எழுதிக் கொடுப்பார்கள்? பச்சை வெளிச்சம் இல்லை என்றால் இயங்கவில்லை என்பதும் அப்படித்தான், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இருந்தாலும் மனசு கேட்காமல் அப்பாவைக் கூப்பிட்டேன். "பெட்டியா? ஒரு சொட்டுத் தண்ணி பட விடலைடா, ராஜா மாதிரி இருக்கு" என்றார். ஏரியில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாத பெட்டிக்கு இவ்வளவு அக்கறை என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்படிப் பார்த்துக்கொள்பவர்களைப் போய் நீ குறை சொல்கிறாய்.

நானும் அதே மணலில் பிறந்தவன்தான். என் ஜனங்களை எனக்குத் தெரியாதா? முடிவு எடுக்கும் நேரத்தில் இப்படி ஒரு கடிதம் இங்கே யார் கண்ணிலாவது பட்டால் என் இரண்டு வருட உழைப்பு போய்விடும். தேர்வுக்குப் படி.

லுசுங்கு


லுவேயா கரை
ஜூன் 8

அண்ணனுக்கு,

உன் பெட்டி கத்திவிட்டது! சனிக்கிழமை காலை, மூன்று குட்டிக் கத்தல், ஒரு நெட்டைக் கத்தல். ஆறு படகும் தண்ணீரில் கால் வைத்த நேரம். அப்பா கையை உயர்த்தி, "இறங்குங்கடா!" என்று அலறினார். எல்லாரும் வலையை இறக்கிவிட்டார்கள். பதினோரு மணிக்கு வந்தது பார் முவேரா! பக்கத்துக் கரையில் பெட்டி கிடையாது. அவர்கள் படகு ஒன்று பாறையில் மோதி இரண்டாகப் போனது. ஆட்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள்.

இங்கே ஒரே கொண்டாட்டம். நியாமாண்டா அத்தை பெட்டியை வைத்துப் பாட்டுக் கட்டி ஆடினார். பெட்டிக்குப் புதுத்துணி வந்துவிட்டது. இப்போது அதற்கு இரண்டு சுற்று.

இதுவரை சந்தோஷமாகப் படித்தாயா? இனி உட்கார்ந்து படி.

கத்தியது நான்.

மீன் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தினேன். அப்பா நாலு தடவை காதுமடலைத் தொட்டார் அண்ணா. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரிகிறது. பெட்டி சும்மா இருப்பதால் தனக்குத் தெரிவதை அவரே நம்ப மாட்டேன் என்கிறார். அதனால் அவருக்குத் தெரிந்ததை நான் பெட்டியின் குரலில் அவருக்கே சொன்னேன். தினமும் காலையில் தட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறேன். 

நேற்று மனசு தாங்காமல் அப்பாவிடம் போய், "அது பெட்டி இல்லப்பா, நான்தான்" என்று சொல்லி, அவர் முன்னாலேயே கத்திக் காட்டினேன். அப்பா ரசித்துக் கேட்டார். "அட, பெட்டி மாதிரியே கத்துறாளே! யோபே, இங்க வந்து கேளு!" எல்லாரும் வந்தார்கள். இன்னொரு தடவை கத்தச் சொன்னார்கள். கைதட்டினார்கள்.

21ஆம் தேதி உயர்நிலைப் பள்ளி இரண்டாம் படிவத் தேர்வுக்கு நகாட்டா பே போகிறேன். ஒரு வாரம் அங்கே விடுதியில். அந்த ஒரு வாரம் யார் கத்துவது?

வா.
சுஸ்கோ


லுவேயா கரை
ஜூன் 15

அண்ணனுக்கு,

பதில் இல்லை. மாண்டா மாமா கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். லுவேயாவில் பெட்டி ஆறு படகுகளைக் காப்பாற்றியது என்று உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம், அதையும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நான் உனக்கு எழுதிய முதல் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். பெட்டி வாளிக்குள் கிடக்கிறது, வாய் திறக்கவில்லை, அப்பா தன் காதை நம்புவதில்லை. எல்லாமே அதில் இருந்தது. எல்லாவற்றையும் சிரிப்பில் சுற்றி வைத்திருந்தேன். எனக்குத் தெளிவாக இருந்ததால் உனக்கும் தெளிவாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். நீ கையேட்டில் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

அதனால் இந்தக் கடிதத்தில் விளையாட்டு இல்லை.

பெட்டி செத்துவிட்டது. அது செத்தது இங்கே யாருக்கும் தெரியாது. அது சும்மா இருந்தால் காற்று இல்லை என்று ஆறு படகில் இருபத்திரண்டு பேர் நம்புகிறார்கள். முன்பு பாதி நம்பினார்கள். நான் கத்திய பிறகு முழுதாக நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்விடுவேன். அப்பாவும் அந்தப் படகில்தான் இருக்கிறார்.

நீ நம்பாவிட்டால் நான் தேர்வுக்குப் போக மாட்டேன் என்று மிரட்ட நினைத்தேன். அம்மா விடமாட்டாள். போயே ஆக வேண்டும்.

சுஸ்கோ


லுவேயா கரை
ஜூன் 25

என் அன்புத் தங்கைக்கு, நகாட்டா பே தேர்வு விடுதி முகவரிக்கு.

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பா உயிரோடு இருக்கிறார். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். இனி நிதானமாகப் படி.

உன் ஜூன் 8 கடிதம் கைக்கு வந்தது உண்மைதான். கத்தியது நீ என்ற வரியைப் படித்ததும், என் பெருமையையும் திருடிக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். சுவரில் அந்தத் தாளை ஒட்டியது நானே. சிரிப்பு இல்லாத உன் கடிதத்தைப் படித்தபோதுதான் பயம் வந்தது. நீ சிரிக்காமல் எழுதி நான் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு பெட்டியும் தினமும் ஒருமுறை எங்கள் அலுவலகக் கணினிக்கு "இருக்கிறேன்" என்று சேதி அனுப்பும். போய்ப் பார்த்தேன். லுவேயா பெட்டி கடைசியாகச் சேதி அனுப்பியது ஏப்ரல் 13. நான் கொடுத்துவிட்டு வந்த நான்காம் நாள். இரண்டு மாதமாக யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அது வேலை செய்யும் என்றுதான் எனக்குத் தெரியுமே!

அப்பாவைக் கூப்பிட்டு ஏரிக்குப் போக வேண்டாம் என்றேன். "உன்னையும் ஏமாத்திட்டாளா அவ?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். கோண்ட்வே அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அந்த அறுபது பெட்டி?" என்று கேட்டார். "நிறுத்தணும்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

மாண்டா மாமாவின் லாரி வழியில் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கரைக்கு வந்தேன். மணலில் ஒரு படகும் இல்லை. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு தடவை தொட்டாருடா" என்றாள். தெற்கே கறுப்புக் கோடு வந்துவிட்டிருந்தது. நான் காற்றைப் பற்றிப் படித்தவன், சுஸ்கோ. அந்தக் காற்று எவ்வளவு வேகம் என்று எண்ணோடு சொல்ல முடியும். கரையில் நின்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு மணிக்குள் ஐந்து படகுகள் வந்தன. அப்பாவின் படகு இல்லை. மூன்று மணிக்கு வடக்கே நாணல் பக்கமாக ஒதுங்கியது. வலை போய்விட்டது. யோபே மாமாவின் உள்ளங்கையைக் கயிறு அறுத்திருக்கிறது, பதினோரு தையல். ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, இறைக்கக் கையில ஒண்ணுமில்ல. வாளியைக் கவுத்தேன். உப்பு போச்சு, பொடி போச்சு, தீப்பெட்டி போச்சு, போனும் போச்சு. உன் பெட்டி துணியெல்லாம் அவுந்து முன்பக்கம் மூலையில போய் மாட்டிக்கிச்சு. அதை எவன் பாத்தான்? வாளியால இறைச்சோம், இறைச்சோம். நல்ல வெயில் வேற. ஒரு மணி நேரம் இருக்கும், அலை தலைக்கு மேல போவுது, அப்பக் கத்துச்சு பாரு! கீங்கீங்கீங்னு! 'இப்பச் சொல்றியாடா நாயே!'ன்னு உங்கப்பன் துடுப்பை ஓங்கிட்டாரு."

அந்தக் கறுப்பு மேல்மூடி வெயிலைத் தின்னும், சுஸ்கோ. அது பல் பார்க்கும் கண்ணாடி இல்லை, சூரியத் தகடு. கூரைகளில் இருப்பது போல நீலக் கட்டம் கட்டமாக இருந்திருந்தால் இங்கே யாருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கட்டத்தை மறைக்கத்தான் நான் ஏழு மாதம் உழைத்தேன். "தானாகவே ஏற்றிக்கொள்ளும்" என்று உனக்கு எழுதியபோதுகூட வெயில் என்ற ஒரு சொல்லை எழுதவில்லை. நீ நேராகவே கேட்டிருந்தாய்: பெட்டி என்ன தின்னும் என்று. வாளி என்று நீ எழுதியதையும் கேலி என்றே கடந்துவிட்டேன்.

அப்பா நனைந்த துணியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "வெயில்ல வைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

"எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேம்ப்பா."

"சரி. அது சும்மா கெடந்தா, காத்து இல்லாம சும்மா கெடக்கா, செத்துச் சும்மா கெடக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோபே மாமாதான் குறுக்கே புகுந்தார்: "எம் பொண்டாட்டி கத்திக்கிட்டே இருந்தா நான் நிம்மதியாச் சாப்பிடுவேன். அவ வாயை மூடிக்கிட்டு இருக்கா பாரு, அன்னைக்கு வீட்டுப் பக்கமே போக மாட்டேன். உன் பெட்டியையும் அப்படிப் பண்ணுடா எஞ்சினியரு!"

நியாமாண்டா அத்தை அவரை அடித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அதை வாயடக்கி வைக்கத்தான் பாடுபட்டிருக்கிறேன். நல்ல நாளில் அது தினமும் காலையில் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லை என்றால் ஒருவரும் ஏறக் கூடாது. செத்தாலும் அப்போது உயிரைக் காப்பாற்றும்.

இதை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அறுபது பெட்டி நின்றுவிட்டது. என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. வலைக்கு நான்தான் பொறுப்பு, அதை வாங்கித் தராமல் இங்கிருந்து கிளம்ப மாட்டேன்.

நேற்று அப்பா எல்லாரையும் கூட்டி, "அன்னைக்குக் கத்துனது எம் பொண்ணுதான்" என்றார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. நியாமாண்டா அத்தை உனக்காக ஒரு கோழி ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்தக் கத்தலை நானும் முயன்று பார்த்தேன். நான் செய்த சத்தம்தான், எனக்கே வரவில்லை. இருமல் மாதிரி இருக்கிறதாம்.

தேர்வை நன்றாக எழுது. முடிந்ததும் போனில் கூப்பிடு. யார் குரலில் வேண்டுமானாலும் கூப்பிடு. எடுத்துக் கேட்கிறேன். வேலை மிச்சமிருந்தால் டை கட்டிக்கொண்டே கேட்கிறேன்.

உன் அண்ணன்,
லுசுங்கு